கொழுகொழு பாப்பாவும் கண்ணாடிப் பெட்டிப் பாப்பாவும்

போன வியாழக்கிழமை அஜ்மானில் ஒரு ரிசப்ஷன். போய் உட்கார்ந்ததிலிருந்து எனக்குக் கழுத்து வலி. மாப்பிள்ளை, பெண்ணைப் பார்க்காமல் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

புது ஹால். கூரை முழுக்க மேகம். மேகத்துக்கு நடுவே குழந்தைகள். ஒன்றா, இரண்டா... ஒரு நர்சரி ஸ்கூலே மேலே மிதக்கிறது! மடிப்பு மடிப்பாகத் தொடை, ரோஜா நிறத்தில் கன்னம், முதுகில் புறா சைஸுக்கு ஒரு ஜோடி றெக்கை. ஒருத்தன் கையில் ரிப்பன். ஒருத்தன் கையில் பூச்சரம். இன்னொருத்தன் மேகத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, கீழே பிரியாணி சாப்பிடுகிறவர்களை வேடிக்கை பார்க்கிறான்.

ஏசியை எவனோ முழு வேகத்தில் வைத்துவிட்டான். நான் ஷாலுக்குள் நடுங்குகிறேன். அவர்கள் உடம்பில் ஒட்டுத் துணி கிடையாது. ஒருத்தனுக்காவது மூக்கு ஒழுக வேண்டுமே? ம்ஹூம்!

பக்கத்தில் இருந்த பெண் என் தோளைத் தொட்டாள். "என்ன மேடம், மேல பாத்து சிரிக்கிறீங்க... இப்ப கண்ணத் தொடைக்கிறீங்க... உடம்பு சரியில்லையா?"

"ஏசி காத்து ஒத்துக்கலைம்மா" என்றேன். பச்சைப் பொய். அவளிடம் சொல்லலாம், உங்களிடம் சொல்ல முடியுமா? வாராவாரம் என் புலம்பலைக் கேட்கிறவர்கள் நீங்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கூரையை டிசைன் செய்தவனை எனக்குத் தெரியும். செந்தில். நாங்கள் இருக்கிற ரோலாவில், எதிர் ஃப்ளாட். அறந்தாங்கிப் பக்கத்து ஆள், முப்பது வயசு இருக்கும். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு டெகரேஷன் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அரண்மனை மாதிரி வீடு கட்டுகிறவர்களுக்குக் கூரையிலும் சுவரிலும் ஜிப்சம் வேலைப்பாடு செய்கிற கம்பெனி அது. என்ன வரவேண்டும், எங்கே வரவேண்டும் என்று படம் போட்டுக் கொடுப்பது இவன்.

"அது ரொக்கோக்கோ ஸ்டைல்க்கா" என்பான்.

"என்னப்பா அது, சாக்லேட் பேர் மாதிரி?"

"பிரெஞ்சு ராஜா காலத்துதுக்கா. சிப்பி, சுருள் சுருளா இலை, பூ, மேகம்... நடுநடுவே றெக்கை வச்ச குண்டுப் பாப்பா. ஒர்க்‌ஷாப்புல நாங்க ஏஞ்சல்னு சொல்லுவோம்."

இதில் ஒரு கூத்து உண்டு. இந்த ஊரில் பல வீடுகளில் சிப்பியும் இலையும் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். உருவம் மட்டும் கூடாது. தங்கள் வீட்டு மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், மனித முகம் மேலிருந்து பார்ப்பதை விரும்ப மாட்டார்கள். செந்தில் பழைய பிரெஞ்சு டிசைனை அப்படியே போட்டு வைப்பான். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை: "பேபி மாஃபி!" குழந்தை வேண்டாம். உடனே அந்தப் பக்கமிருந்து ஃபோர்மேன் கத்துவார்: "செந்தில் பாய்! பச்சா நிகாலோ, ஜல்தி!" பாப்பாவை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு திராட்சைக் கொத்தைத் தொங்கவிட வேண்டும். கல்யாண ஹால், கேக் கடை, பியூட்டி பார்லர் என்றால் தலைகீழ். இன்னும் நாலு பாப்பாவைப் போடு, இன்னும் குண்டாகப் போடு என்பார்கள்.

"வாரத்துல பாதி நாள் பாப்பா வரையறது, மீதி நாள் அதை அழிக்கிறது. இதான்க்கா நம்ம டூட்டி" என்று சிரிப்பான்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவனின் மனைவி முழுகாமல் இருந்தாள். கலைவாணி. கலை என்று கூப்பிடுவோம். சிரித்தால் கண் காணாமல் போய்விடும் அவளுக்கு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. அதனால் எங்கள் ஃப்ளோர் முழுக்க அந்தப் பிள்ளைக்காகக் காத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டே... மாசமாக இருக்கிற பெண்ணின் கட்டிலுக்கு எதிரே ஒரு அழகான குழந்தை படத்தை மாட்டிவிடுவோம். கண் விழித்ததும் அதைப் பார்த்தால் வயிற்றில் இருப்பது அதே மாதிரி வருமாம். நானும்தான் பார்த்தேன். மெடிக்கல் ஷாப் காலண்டரில் நீலக் கண்ணோடு ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. மாசக்கணக்கில் அதையே பார்த்துவிட்டுப் பெற்றேன். அப்பன் மூக்கை அப்படியே உரித்து வைத்துக்கொண்டு வந்து பிறந்தாள் என் மகள்!

கலைக்குக் காலண்டர் தேவைப்படவில்லை. புருஷன்தான் பாப்பா வரைவதில் ஸ்பெஷலிஸ்ட் ஆயிற்றே? கம்பெனி பிரிண்டரிலேயே பெரிசாக ஒரு ஏஞ்சலை அச்சடித்துக் கொண்டுவந்து எதிர்ச்சுவரில் ஒட்டிவிட்டான். ஊரில் இருக்கிற அவன் அம்மா வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு அலறிவிட்டார்.

"அடேய்! றெக்கை வச்ச பிள்ளைய எங்கடா போடுவாங்க? கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லதானடா போடுவாங்க! முதல்ல அதைக் கிழி!"

அந்தம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. நம் பக்கத்துச் சுவர்களில் பார்த்திருக்கிறீர்கள்தானே? செந்தில் கிழிக்கவில்லை. கம்ப்யூட்டரில் றெக்கையை அழித்தான். தலையில் ஒரு கொண்டை போட்டு மயிலிறகைச் செருகினான். பிரெஞ்சு ராஜா வீட்டுப் பிள்ளை ஒரே ராத்திரியில் பாலகிருஷ்ணன் ஆகிவிட்டது. வளைகாப்புக்கு வந்த பெண்களெல்லாம் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு திருஷ்டி கழித்துவிட்டுப் போனோம்.

வளைகாப்பு முடிந்த அடுத்த வாரமே கலைக்கு பிரஷர் எகிறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தாயா, பிள்ளையா என்கிற நிலைமை. உடனே ஆபரேஷன். ஏழாம் மாசத்திலேயே பெண் குழந்தை.

கையகலம் இருந்ததாம். நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டு போய்விட்டார்கள். கலை வேறொரு வார்டில் மயக்கமும் மருந்துமாகக் கிடக்கிறாள். எழுந்து நடக்கக் கூடாது. பிள்ளை இருக்கிற வார்டுக்குள் போன் கொண்டுபோகவும் கூடாது. போட்டோவுக்கு வழியில்லை. அப்பனை மட்டும் விட்டார்கள், அதுவும் கொஞ்ச நேரம்.

கண் திறந்ததும் கலை கேட்ட முதல் கேள்வி: "எப்படி இருக்கா? யார் மாதிரி இருக்கா?"

செந்தில் என்ன செய்தான் தெரியுமா? பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு பேப்பரில் மகளை வரைந்தான். கொண்டுபோய்க் கலையின் கையில் கொடுத்துவிட்டான்.

நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். என்ன அழகு! உப்பிய கன்னம், குழி விழுந்த முகவாய், கழுத்தில் இரண்டு மடிப்பு. சின்னதாக மூடிய கண். குறைமாசக் குழந்தைக்கு இவ்வளவு கன்னமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தப் பெண்ணின் முகத்தில் அத்தனை வெளிச்சம்... எப்படிக் கேட்பது, சொல்லுங்கள்?

தலையணைக்கு அடியில் வைப்பாள். எடுப்பாள். நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டே தூங்குவாள். செந்தில் அதையே போட்டோ எடுத்து ஊருக்கும் அனுப்பிவிட்டான். அவன் அம்மா டிபியாக வைத்துக்கொண்டார். தங்கச்சி ஸ்டேட்டஸ் போட்டாள்: 'எங்க வீட்டு இளவரசி'. குடும்ப க்ரூப்பில் 'என்னா கன்னம்!', 'கடிச்சுத் தின்னலாம் போல!' என்று வாழ்த்து மேல் வாழ்த்து.

அப்புறம் ஒருநாள் கலையை வீல்சேரில் வைத்துப் பிள்ளையிடம் கூட்டிப் போனார்கள்.

நானும் வராந்தா வரைக்கும் போயிருந்தேன். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அழவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது. செந்திலைப் பார்த்து மெதுவாக ஒன்று கேட்டாள்.

"என் பிள்ளை எங்க?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்த வார்டுப் பக்கமே போகவில்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாள். ரூமுக்குள் போய் மயிலிறகு வைத்த அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். நேரம் தவறாமல் பாலை மட்டும் பிழிந்து, ஐஸ் பையில் வைத்து, கதவருகில் கொண்டுவந்து வைத்துவிடுவாள். செந்தில் டூட்டி முடிந்து வந்து, பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். பால் போகிறது. தாய் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். தினமும் செந்திலிடம் சொல்லி அனுப்புவாராம்: "தம்பி, அம்மாவ ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோ. பிள்ளைக்கு அவவின்ர சூடு வேணும். அவ நெஞ்சில வச்சிருந்தாத்தான் இவ கெதியா எழும்புவா." கெதியா எழும்புவா என்றால் சீக்கிரம் தேறுவாள். மருந்தும் மெஷினும் ஒரு அளவு வரைக்கும்தானாம். பிள்ளையின் எடை ஏறவில்லை. டாக்டரும் அதையே சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேராகக் கலையிடம் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வாயைக் கட்டிக்கொண்டு, "ஏம்மா, பயமா இருக்கா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அக்கா, அந்தப் படத்துல இருக்கிற பிள்ளையத்தான் நான் அத்தனை நாளும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். அது முகத்தப் பாத்துத்தான் எனக்குப் பால் சுரந்துச்சு. அதுக்கு மனசுக்குள்ள பேர்கூட வச்சுட்டேன். இப்பக் கொண்டுபோயி வேற ஒண்ணக் காட்டி, இதான் உன் பிள்ளைங்குறாங்க... அப்ப என் பிள்ளை செத்துப்போச்சாக்கா?"

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. இத்தனை நாள் நெஞ்சோடு வைத்திருந்த ஒரு பிள்ளையை அவள் நிஜமாகவே பறிகொடுத்திருந்தாள். பேப்பர் பிள்ளைதான். ஆனால் துக்கம் பேப்பர் துக்கமா என்ன?

கோபமெல்லாம் செந்தில் பக்கம் திரும்பியது. அன்று சாயங்காலம் அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி லிஃப்ட்டை விட்டு இறங்கியதும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா டேய், உனக்குக் கண்ணு பொடனியிலயா இருந்துச்சு? பிள்ளை எப்படி இருந்துச்சோ அப்படி வரையறதுக்கென்ன? எந்த ராஜா வீட்டுப் பிள்ளைய வரைஞ்சு கொடுத்த?"

திட்டினால் சமாதானம் சொல்லுவான் என்று நினைத்தேன். அவன் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். தோளில் ஐஸ் பை தொங்குகிறது. தேம்பித் தேம்பி அழுகிறான். வளர்ந்த ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"நான் பாக்கவே இல்லைக்கா..."

"என்னத்தப் பாக்கல?"

"அவ முகத்த. உள்ள போவேன். பெட்டிகிட்ட நிப்பேன். மெஷின்ல ஓடுற நம்பரத்தான் பாப்பேன். ஒயரப் பாப்பேன், ட்யூபப் பாப்பேன். முகத்தப் பாத்துட்டா, அப்புறம் ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா தாங்க மாட்டேன்னு பயம். கலை கேட்டப்ப கை தானா வரைஞ்சிருச்சுக்கா. எனக்குத் தெரிஞ்ச பாப்பா அது ஒண்ணுதான். கண்ண மூடிக்கிட்டு வரைவேன் அதை."

தெரிகிறதா உங்களுக்கு? வேணுமென்று அவன் பொய் வரையவில்லை. வருஷக்கணக்காக டூட்டியில் பழகிய கை. குழந்தை என்றாலே மூன்று வட்டம் போட்டு கன்னத்தையும் வயிற்றையும் உருட்டிவிடுகிற கை. சொந்த மகளுக்கும் அதையே செய்துவிட்டது.

அவனை மட்டும் சொல்வானேன்? முசஃபா லேபர் கேம்ப்பில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இருக்கிற நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் போனில் இருக்கிற பிள்ளைகள் எப்போதும் குளித்து, பவுடர் போட்டு, திருஷ்டிப் பொட்டு வைத்து, 'அப்பாவுக்கு டாட்டா சொல்லு' என்றதும் கையாட்டுகிற பிள்ளைகள். அழ ஆரம்பித்தால் ஊரில் இருப்பவர்கள் உடனே கேமராவைத் திருப்பிவிடுவார்கள். பாவம், அவன் அங்கே தனியாக இருக்கிறான், எதற்குக் கஷ்டப்படுத்தணும் என்று. லீவில் போய் இறங்கினால்... சளி ஒழுகுகிற, அடம் பிடிக்கிற, அப்பனைக் கண்டதும் அலறி ஓடுகிற ஒரு பிள்ளை வாசலில் நிற்கும். அதற்குப் பழகிக்கொள்வதற்குள் லீவு முடிந்துவிடும். அவரவர் செல்போனுக்குள் அவரவருக்கு ஒரு ஏஞ்சல்.

அந்தப் பிரெஞ்சு சமாச்சாரத்தைப் பற்றியும் அப்புறம் கொஞ்சம் தேடிப் படித்தேன். அந்தக் காலத்தில் அங்கே வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளைக்கூடப் பிறந்தவுடன் பால் கொடுக்கிற பெண்களிடம் கிராமத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். திரும்பி வராமலே போன குழந்தைகள் ஏராளமாம். அதே வீடுகளின் சுவரில்தான் கொழுகொழு பாப்பாக்கள் பூ எறிந்து விளையாடிக்கொண்டிருந்தன. வீட்டில் இல்லாத குழந்தையைத்தான் சுவரில் வரைந்து வைத்தார்களோ என்னவோ... எனக்கென்னவோ அப்படித்தான் தோன்றுகிறது. படித்த பிறகு அந்தப் படங்களைப் பார்த்துப் பழையபடி கேலி பண்ண முடியவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். அழுதுகொண்டிருந்தவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கலையின் முன்னால் நிறுத்தினேன். "எங்கிட்டச் சொன்னதை இவகிட்டச் சொல்லு" என்றேன்.

சொன்னான். திக்கித் திக்கி, தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் சொன்னான். கலை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முடித்ததும் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தது நடந்தால் நான் ஏன் பத்தி எழுதப் போகிறேன்?

கலை எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப நீங்களும் அவளப் பாக்கலையா?"

"இல்ல."

"நானும் பாக்கல. சட்டுனு திரும்பிட்டேன்." அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப... அவளை வீட்டாளுங்க யாருமே பாக்கலையா? பொறந்ததுலேருந்து ஒருத்தர்கூடவா பாக்கல?"

அந்தக் கேள்வி என்னையும் சேர்த்து அறைந்தது. ஊரெல்லாம் லைக் போட்டிருக்கிறது. க்ரூப் முழுக்க முத்த பொம்மை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறவளின் முகம் இன்னதென்று அவள் குடும்பத்தில் ஒரு ஆளுக்கும் தெரியாது.

கலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தையல் வலியில் முகம் சுளித்தது. கால் செருப்பைத் தேடியது. "யல்லா, கிளம்புங்க" என்றாள். அரபிக்காரர்கள் தோற்றார்கள், அப்படி ஒரு அதட்டல்!

என் வீட்டுக்காரர்தான் காரை எடுத்தார்.

அந்த வார்டில் ஒரு நேரத்துக்கு ஒருத்தருக்குத்தான் அனுமதி. கலை கையைக் கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். நானும் செந்திலும் வராந்தாவில். கண்ணாடி வழியாகப் பார்த்தால் வரிசையாகப் பெட்டிகள் தெரியும். முகம் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சீக்கிரம் வெளியே வந்துவிடாதே தாயே, கொஞ்ச நேரமாவது இரு என்று வேண்டிக்கொண்டேன்.

வந்துவிட்டாள். ஆனால் நேராகச் செந்திலிடம் போனாள்.

"பேப்பர் இருக்கா? வரைங்க. நான் சொல்றேன்."

அவன் பைக்குள் ஏதோ வில்லாவின் பிளான் இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பினான். பென்சில் பேப்பரில் பட்டதும் பழக்க தோஷம்... வட்டமாக ஒரு கன்னம் இறங்கிவிட்டது.

"கன்னமெல்லாம் இல்ல. அழிங்க" என்றாள் கலை. "ஒட்டி இருக்கு. நெத்திதான் பெருசு. நெத்தில கோடு கோடா சுருக்கம். யோசிக்கிற மாதிரி இருக்கா. மூக்குல ட்யூபு, அத பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்காங்க. அதயும் போடுங்க."

"ட்யூபுமா?"

"போடுங்கன்னா போடுங்க. அதும் இருக்குல்ல? காது... காது எப்படி இருந்துச்சு? இருங்க, பாத்துட்டு வரேன்."

மறுபடி கை கழுவி, மறுபடி உள்ளே. வந்தாள். "வலது காது மடங்கியிருக்கு. தோள்ல பூனை முடி. விரல் நீளம். உங்களுக்கு மாதிரியே நீளம்ங்க! நெகம்கூட இருக்கு." அவன் வரைகிறான். அவள் திருத்துகிறாள். கண்ணீர் அது பாட்டுக்கு ஒழுகுகிறது, துடைக்க இரண்டு பேருக்கும் நேரமில்லை. வராந்தாவில் போகிறவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போகிறார்கள். போகட்டுமே!

"புருவம் இருக்கா?" என்றான் செந்தில். இப்போதுதான் அவனாகக் கேட்கிற முதல் கேள்வி.

"தெரியலையே... பாத்துட்டு வரேன்."

போனவள் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். புருவம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இவ்வளவு நேரமா? அப்போது அந்த யாழ்ப்பாணத்து நர்ஸம்மா வெளியே எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, இனி அவ வரமாட்டா. பிள்ளைய நெஞ்சில போட்டிட்டன். நீங்கள் நாளைக்கு வாங்கோ."

செந்தில் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "புருவம்...?" என்றான் மறுபடி.

"இருக்கு, இருக்கு. வடிவான புருவம்" என்றார் அந்தம்மா. யாழ்ப்பாணத்தில் அழகு என்பதை வடிவு என்பார்கள். ஓடிப்போய் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. உள்ளே விட மாட்டார்கள் என்பதால் வராந்தாவிலேயே நின்று அழுதேன். நான் அழுவதற்கு இடம் பொருள் பார்க்கிற ஆள் இல்லை.

அன்றிலிருந்து கலை தினமும் போனாள். நெஞ்சில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். மறுநாள் செந்திலுக்கும் அதே வேலை. சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு, மூச்சுகூடப் பெரிதாக விடாமல் உட்கார்ந்திருந்தானாம். நடுவில் இரண்டு முறை பயமுறுத்தினாள் அந்தக் குட்டி. மூச்சை மறந்துவிடுவாளாம்! நர்ஸம்மா உள்ளங்காலில் சுண்டிவிட்டால் ஞாபகம் வந்து இழுப்பாளாம். ஒவ்வொரு தடவையும் இங்கே எங்கள் ஃப்ளோரில் எல்லாருக்கும் மூச்சு நின்று வந்தது. மெல்ல மெல்ல எடை ஏறியது. ட்யூப் ஒவ்வொன்றாகக் கழன்றது. ஒருநாள் துணியில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஊரில் செந்திலின் அம்மா நிஜப் பிள்ளையை வீடியோவில் பார்த்தபோது என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாராம். அப்புறம், "டேய், முன்னாடி அனுப்பினது யாரு பிள்ளைடா?" என்று கேட்டாராம். கலை போனை வாங்கி, "அது அவரோட கம்பெனிப் பிள்ளை அத்தை. இதுதான் என்னுது" என்றாளாம். மாமியார் டிபியை மாற்றிவிட்டார். கெட்டிக்காரி மருமகள்!

நேற்று முன்தினம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இந்தப் பத்தியை எழுதுவதற்காகத்தான். வராந்தாவில் வரைந்த அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தால் உங்களுக்கு விவரமாக எழுதலாமே என்று எண்ணம். "அந்தப் படத்தைக் கொஞ்சம் எடும்மா" என்று கலையிடம் கேட்டேன்.

"படம் எதுக்குக்கா? அதான் ஆளே இருக்காளே!" என்று பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டாள்.

எலும்பும் தோலுமாக இருந்தவள் கொஞ்சம் தேறியிருக்கிறாள். கன்னம் இன்னும் வரவில்லை. வலது காது மடங்கித்தான் இருக்கிறது. என்னை நிமிர்ந்து பார்த்து, நெற்றியைச் சுருக்கி, நான் ஏதோ தப்பாக எழுதிவிட்ட மாதிரி முறைத்தாள். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அம்மாடி, என்ன பிடி!

அடுத்த நிமிஷம் மடியில் சூடாக ஏதோ பரவியது. புதுப் புடவை. "ஐயையோ!" என்று நான் எழப் போக, சமையலறையிலிருந்து கலை ஓடி வந்தாள். துணி எடுத்துக்கொண்டு வருகிறாள், மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று பார்த்தால்... குனிந்து என் மடியை ஆராய்கிறாள்.

"நல்லாப் போனாளாக்கா? எவ்வளவு போறான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நல்லாவே போனாளா?"

"ரொம்ப நல்லாவே போயிருக்காம்மா" என்றேன், சொட்டச் சொட்ட.